மாப்பிள்ளைக்கு என்ன தேதி?

"பையன் அமெரிக்காவில் இருக்கிறான்" என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும். மயிலாப்பூர்க் கூடத்தில் மின்விசிறி தானாகவே இரண்டு சுற்று வேகமாகச் சுழலும்! நட்சத்திரம் கேட்பார்கள், கோத்திரம் கேட்பார்கள், பையனுக்குக் காபியா டீயா என்றுகூடக் கேட்பார்கள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவைக் குறை சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள், காலை நேரத்தில் லஸ் நாகேசுவரராவ் பூங்காவில் அளக்கிற கதைகளில் மிகை கொஞ்சம்தான். பள்ளிக்கூட பஸ் நின்று 'நில்' என்ற பலகையை நீட்டினால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிற காரும் நின்றுவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் சம்பளம் கிடையாது. பேட்டை நூலகத்தில் கை கொள்ளாமல் புத்தகம் எடுத்து வரலாம். தண்ணீர் லாரி வந்ததா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இதெல்லாம் சௌகரியம் இல்லையா? சௌகரியம்தான். ஆனால் வீட்டின் அழகு வேறு, வாசற்கதவு வேறு. நான் சொல்ல வந்தது கதவைப் பற்றி.

அந்தக் கதவு நமக்கு வெகு காலம் சாத்தியே இருந்தது. 1917-ல் ஒரு சட்டம் போட்டு இந்தியக் குடியேற்றத்தை அடைத்தார்கள். 1923-ல் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. மயிலாப்பூர் 'சந்திர விலாஸ்' வீட்டுப் பிள்ளை எஸ். சந்திரசேகர் 1937-ல் சிகாகோ சர்வகலாசாலையில் சேர்ந்த போதும் இதே நிலைமைதான். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, வகுப்பெடுக்கக் கூடாது என்று ஒரு டீன் ஆட்சேபித்தார். தலைவர் ஹட்சின்ஸ் அதை ஒதுக்கித் தள்ளினார். அந்தத் தேசத்தின் இரண்டு முகமும் ஒரே கட்டிடத்தில்! 1946-ல்தான் குடியுரிமைக்கு வழி பிறந்தது. அதுவும் வருஷத்துக்கு நூறு இந்தியர் குடியேறலாம் என்ற கணக்கில். சந்திரசேகர் 1953-ல் அமெரிக்கப் பிரஜையானார். அவருடைய மனைவி லலிதாவும் பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்தவர். அங்கே போன பிறகு ஆராய்ச்சி அவருக்குத் தொழிலாக அமையவில்லை. இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1965-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் கதவைத் திறந்தது. இப்போதைய வரிசை 1990-ம் வருஷச் சட்டத்தின் பிள்ளை. எச்-1பி என்ற விசாவில் மூன்று வருஷம், மேலும் மூன்று வருஷம் உத்தியோகம் பார்க்கலாம். நிரந்தரமாக இருக்கக் கிரீன் கார்டு வேண்டும். உத்தியோகத்தை ஒட்டிக் கொடுப்பது வருஷத்துக்குச் சுமார் 1,40,000. மனைவி குழந்தைகளும் இதற்குள்ளேதான். எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழு என்பது வரம்பு. நாலு லட்சம் ஜனங்கள்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் ஏழு. 140 கோடி இந்தியாவுக்கும் ஏழு! ஆகவே நம்மவர் வரிசை அனுமார் வால். முதலாளி மனுப் போட்ட நாளைப் 'பிரயாரிட்டி தேதி' என்கிறார்கள். எந்தத் தேதிக்காரர் முறை வந்தது என்று மாதா மாதம் பஞ்சாங்கம் போல வெளியிடுகிறார்கள். 2024, 2025-ல் மேல்படிப்புப் படித்த இந்தியர் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தவை 2012, 2013-ம் வருஷத்துத் தேதிகள். சில மாதம் தேதி பின்னோக்கியும் போகும். சனி வக்கிரமாவது போல!

இன்னொரு வேடிக்கை: கணக்கில் எடுப்பது எந்த நாட்டுப் பிரஜை என்பதை அல்ல, பிறந்த நாட்டை. பெண்ணின் தகப்பனார் மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் அவள் அங்கே பிறந்திருந்தால், கணவனும் அவளோடு ஓமன் நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். பத்துப் பொருத்தத்துக்கு மேல் பதினோராவது பொருத்தம்!

இப்போது உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். எச்-1பி மாப்பிள்ளையின் மனைவி எச்-4 விசாவில் உடனே போகலாம். ஆனால் நினைத்தபடி வேலைக்குப் போக முடியாது. 2015-ல் ஒரு வழி விட்டார்கள். அதுவும் முக்கியமாகக் கணவனின் கிரீன் கார்டு மனு முதல் படியைத் தாண்டியிருந்தால்தான். தரமணியில் கைநிறையச் சம்பளம் வாங்கிய பெண், அங்கே போய் ஜன்னல் வழியே பனியை எண்ணிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்கு வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வயதில் கூட்டிப் போன குழந்தை, அங்கேயே படித்து வளர்ந்து, வரிசை முடியுமுன் இருபத்தொன்றை எட்டினால், அப்பாவின் மனுவிலிருந்து விலக்கப்பட்டுத் தனக்கென்று வேறு விசா தேட வேண்டும்.

"அப்படியானால் கிரீன் கார்டு கையில் உள்ள பையனாகப் பார்த்துவிடுகிறேன்" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அது கிடைத்த பிறகு கலியாணம் செய்தால், மனைவிக்குத் தனி வரிசை. சில வருஷம் அவள் தியாகராய நகரில் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டி வரலாம். பிரஜையாகிவிட்டவனின் மனைவிக்குத்தான் எண்ணிக்கை வரம்பு இல்லை. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் உரிமையும் பிரஜைக்கு மட்டுமே. கிரீன் கார்டு வந்து பொதுவாக ஐந்து வருஷம் கழித்துத்தான் அதற்கு மனுப் போடலாம். வரிசையோடு கூட்டிப் பாருங்கள்: இன்று அறுபது வயதான சம்பந்திக்கு அப்போது என்ன வயது? அவர் முழங்கால் அதுவரை பொறுத்திருக்குமா?

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பையன், நல்ல இடம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சம்பளம் எத்தனை ஆயிரம் டாலர் என்று கேட்பதற்கு முன்னால், எந்த விசா, மனு எந்தப் படியில் இருக்கிறது, பிரயாரிட்டி தேதி என்ன என்று கேளுங்கள். உங்கள் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கேளுங்கள். வேலையை விடப் போகிறவள் அவள். பையனின் தாயார் முகத்தைச் சுளிக்கலாம். பையன் சுளிக்கமாட்டான். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்தத் தேதியை அவன் சொல்லுவான்.