அணைக்கிற சுவிட்சுல 8 போட்டா லைட் எரியுமாம்!

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் கடுப்பான பதிவு. லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுற புண்ணியவான்களுக்கு ஒரே கேள்வி: ஆப்ஷனுக்குப் பேர் வைக்கும்போது, அதைப் போடப்போறவன் மூஞ்சி ஒரு தடவையாச்சும் நெனப்புல வருமா?

சும்மா சொல்லலை. இன்டெல் வைஃபைக்கான ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர்ல '11என் டிசேபிள்'னு ஒரு ஆப்ஷன். பேரைப் பாத்தா 1 போட்டா அணையும், 0 போட்டா ஓடும்னுதானே தோணும்? ஆனா அது பிட்மேப்பாம். 1 போட்டா 11என் மொத்தமா காலி. 2 போட்டா பாக்கெட்டுகளை மூட்டை கட்டி அனுப்புறது நிக்கும். 4 போட்டா அப்படி மூட்டையா வாங்குறது நிக்கும். 8 போட்டா? மூட்டை கட்டி அனுப்புறது ஆன் ஆகும்! டிசேபிளுக்குள்ள ஒரு எனேபிள். எங்க மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய் ஷட்டர்ல 'மூடுற சக்கரம்'னு எழுதிட்டு, எட்டு சுத்து சுத்துனா தண்ணி திறக்கும்னு சொன்னா லஸ்கர் நம்மள என்ன கேப்பார்?

இதுக்கு மாட்இன்ஃபோவுல இருக்குறது ஒத்தை வரி. எப்பப் போடணும், போட்டா என்ன போகும்னு அதுல கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்க ஒரு அண்ணன் "நெட் ஸ்லோ"ன்னு தேடுறார்னு வைங்க. எங்கயோ பாத்து 1 போடுவார். வேகம் 11ஜி காலத்து 54 எம்பிபிஎஸ்சுக்குப் போயிரும். அவரு டிரைவரையா திட்டுவாரு? "லினக்ஸே இப்படித்தான் தம்பி"ம்பாரு. முடிஞ்சது கதை. 2011ல தமிழக அரசு குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் வந்துச்சே, அப்படி லினக்ஸை மொதல்தடவை பாத்த புள்ளைங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்!

'நோமோட்செட்' இன்னொரு கூத்து. ரெசல்யூஷன் சமாச்சாரம் மாதிரி பேரு. நெசத்துல கிராபிக்ஸ் டிரைவரே ஒதுங்கிக்கும், ஃபர்ம்வேர் அமைச்ச திரையில பொட்டி ஓடும். ஊரே பல வருஷமா கைவைத்தியமாப் போட்ட இதுக்கு, கெர்னலோட பாராமீட்டர் பட்டியல்ல விளக்கம் ஏறுனது 2022ல வந்த 5.17லதான்.

"பேரை மாத்துனா பழைய கான்ஃபிக் உடையுமே"ன்னு வருவாங்க. பாதி நியாயம். ஆனா இன்டெல் சவுண்டு டிரைவர்ல 'டிமைக் டிடெக்ட்' ஆப்ஷனை ஓரங்கட்டுனப்ப என்ன பண்ணுனாங்க? பழைய பேரும் வேலை செய்யும், கூடவே 'டிஎஸ்பி டிரைவர்' ஆப்ஷனுக்கு மாறச் சொல்லி லாக்ல எச்சரிக்கையும் வரும். ஆக, வழி இருக்கு. மனசுதான் இல்ல.

"கோடைப் படிச்சுக்க"ங்கிறவங்களுக்கு: ஆணி புடுங்குற எனக்கே அதுக்கு நேரமில்ல, ஜெராக்ஸ் அண்ணனுக்கு எங்க இருக்கும்?

டிசேபிள்னு பேர் வச்சா அணைக்க மட்டும் செய்யட்டும். ஒரு ஆப்ஷனுக்கு ஒரே வேலை. போட்டா என்ன இழப்புன்னு விளக்கத்துல ஒரு வரி. இவ்வளவுதான் கேக்குறேன்.

டிஸ்கி: "1 போடுங்க, சரியாயிரும்"னு டிப்ஸ் எழுதுற சக பதிவர்களே, அந்த ஒரு வரிய நீங்களும் எழுதுங்கப்பு. புண்ணியமாப் போகும்.