தங்கராஜுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

"அந்தக் காலத்துல நாட்டுக்காக ஆடினாங்க, காசுக்காக இல்ல." பழைய கால்பந்து வீரர்கள் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். 2024-ல் 'மைதான்' இந்திப் படம் வந்தபோதும் இதே பாட்டுதான். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பீட்டர் தங்கராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டீமுக்கு ஆடினார். முதலில் சென்டர் ஃபார்வர்ட், பிறகு கோல்கீப்பர். அந்த டீம் 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் போனார். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி ஃபைனலில், கூட்டம் மொத்தமும் நமக்கு எதிராகக் கத்த, தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தோமே, அன்றைக்கு நம் கோல்கீப்பர் இவர்தான். 1967-ல் அர்ஜுனா விருது.

இப்போ ஒரு பி.காம் கேள்வி. ராணுவ டீமில் ஆடிய அந்த வருடங்களில் இவர் சம்பளம் எந்தக் கணக்கில் இருந்தது? ராணுவக் கணக்கில், சிப்பாய் சம்பளமாக! சிப்பாய்க்கு முதல் வேலை போர். சண்டை வந்தால் கோல் போஸ்ட்டை விட்டுவிட்டு எல்லைக்குப் போகவேண்டியதுதான். வரவு நாட்டுக்கு, செலவு ராணுவத்துக்கு, கால்பந்துக் கணக்கில் பூஜ்யம்.

இங்கிலாந்தில் ஆடுவதற்குச் சம்பளம் வாங்கலாம் என்று 1885-லேயே ஒப்புக்கொண்டார்கள். நமக்குத் தேசிய லீக் வந்ததே 1996-ல். தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடிவிட்டு, கடைசியில் பொகாரோ என்ற எஃகு ஆலை ஊரில் 2008-ல் இறந்தார். காசுக்காக ஆடவில்லை என்கிறீர்களே, ஆட்டத்தை நம்பிப் பிழைக்கிற மாதிரி காசு கொடுக்க முதலில் ஆள் இருந்ததா?

"அரசு வேலை, பென்ஷன், இதைவிட என்ன வேணும்?" என்பீர்கள். சரி, கிடைத்தவனுக்கு நல்லதுதான். எங்கள் பொன்னேரிப் பக்கம், பழவேற்காட்டுக் குப்பங்களில், மணலில் இரண்டு கழி நட்டு ஆடுகிற பையன் கொஞ்சம் நன்றாக ஆடினால் வீட்டில் சொல்கிற யோசனை இன்றைக்கும் இதுதான்: "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கயாவது சேந்துடு." கோட்டாவில் இருப்பதோ கொஞ்சம் இடம். கிடைக்காதவன் பந்தை ஓரமாகப் போட்டுவிட்டு அப்பாவோடு வலை இழுக்கப் போகிறான். அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

இப்போ ஐ.எஸ்.எல். இருக்கிறதே என்கிறீர்களா? 2025-ல் லீக் நடத்தும் ஒப்பந்தம் இழுபறியானதும் பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. நம்ம சென்னையின் எஃப்.சி.யும் தன் டீம் வேலைகளை நிறுத்தி வைத்தது. அறுபது வருடம் கழித்தும் இதுதான் நிலைமை.

தியாகம் என்று மாலை போடுவது சுலபம், செலவும் கம்மி. போதும் மக்களே. ஆடுகிறவனுக்கு ஆட்டத்துக்கே ஒழுங்கான ஒப்பந்தம், மாதாமாதம் சம்பளம். அதைக் கேட்போம் முதலில். தேசபக்தி வசனம் அப்புறம் பேசலாம்.