பெட்டி நிற்கும்... துணி ஓடும்!

நாம் இஸ்திரி போடும்போது துணி மேசையில் கிடக்கும். பெட்டிதான் முன்னும் பின்னும் ஓடும். தோள்பட்டை வலிப்பது அதனால்தான். இதை அப்படியே தலைகீழாக்கினால்?

20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க வீடுகளுக்கு வந்த மோட்டார் இஸ்திரி மெஷினின் சூட்சுமம் அதுதான். மெத்தென்று துணி சுற்றிய ஓர் உருளை. அதன் வளைவுக்கேற்ப வளைந்த, சூடான உலோகத் தகடு ஒன்று. அதற்கு ‘ஷூ’ என்று பெயர். மோட்டார் உருளையை மெதுவாகச் சுழற்ற, ஷூ அதன்மேல் அழுந்தும். இடையில் நுழைகிற துணி சுருக்கம் நீங்கி வெளியே வரும். பெரிய படுக்கை விரிப்பைக்கூட உட்கார்ந்தபடியே தேய்த்துவிடலாம்.

ஆனால், துணி போகிற வழியில் விரலும் போய்விடுமே! பழைய நீராவிச் சலவைக்கூடங்களில் உருளைக்குள் கை சிக்கி நசுங்கிய பெண்கள் உண்டு.

மிச்சிகன் மாநிலத்தில் தயாரான ‘அயர்ன்ரைட்’ மெஷினை முழங்காலால் லீவரைத் தள்ளி இயக்கலாம். இரண்டு கைகளும் துணியைப் பிடித்திருக்க, கட்டுப்பாடு காலிடம் இருக்கும்.

திடீரென்று கரன்ட் போனால்? மோட்டார் நின்றுவிடும், ஷூவின் சூடு உடனே தணியாது. இடையில் இருப்பது துணியானால் கருகும், விரலானால் வேகும். அதனால் இவ்வகை மெஷின்களில் ஷூவைக் கையாலேயே விலக்க ஒரு லீவரும் வைத்தார்கள்.

வீட்டுக்கு எந்த மெஷின் வாங்கினாலும், எப்படி ஓடும் என்று கேட்பதற்கு முன்னால் எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்!