கூடாரம் போடுமுன் இடத்தைப் பாருங்கள்

மும்பையில் வாழும் நம்மவர்களிடையே சில வருஷங்களாக ஒரு புதிய பழக்கம் பரவி வருகிறது. இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால், ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருகிறார்கள். லோனாவாலாவுக்கு அப்பால் பவனா அணையின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரிசை வரிசையாக டெண்டுகள் நிற்கின்றன. தாராவி, செம்பூர், கல்யாண் என்று எல்லாப் பக்கமிருந்தும் மனைவி மக்களோடு போகிறார்கள்.

இது நல்ல பழக்கம் என்றே சொல்வேன். பத்துக்குப் பத்து கோலியில் ஐந்து பேர் படுத்து எழுகிற குடும்பத்துக்கு ஒரு ராத்திரியாவது வானத்தைப் பார்த்துப் படுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மலை வாசஸ்தலத்து ஓட்டலில் ரூம் எடுக்க ஒரு குமாஸ்தாவின் சம்பளம் இடம் கொடுக்காது. டெண்ட் என்றால் கட்டுப்படியாகும்.

நமக்கு இது புதிதும் அல்ல. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போன நம் பாட்டனார்கள் வழியில் தோப்பில் வண்டியை அவிழ்த்து, கல் கூட்டிச் சமைத்து, வண்டிக்கடியில் படுத்து எழுந்தவர்கள்தாம். இன்று கட்டிலும் அடுப்பும் வைத்த மோட்டார் வண்டிக்குக் 'காரவன்' என்று பெயர். மகாராஷ்டிர அரசு 2021-ல் அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. கூண்டு வண்டி மோட்டார் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பாட்டனார் மாட்டை அவிழ்க்குமுன் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேடா பள்ளமா, தண்ணீர் எங்கே, புற்று இருக்கிறதா என்று பார்த்தார். நாமோ போனில் வந்த போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பி விடுகிறோம். போட்டோவை மட்டும் பார்த்து யாராவது சம்பந்தம் பேசி முடிப்பார்களா?

நானும் அப்படி ஏமாந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத நடுவில், எங்கள் ஆபீசைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் புறப்பட்டோம். லோனாவாலாவில் இறங்கி, புனே லோக்கல் பிடித்துக் காம்ஷெட் போய், அங்கிருந்து ஜீப்பில் சென்றோம். தலைக்கு இவ்வளவு, இரண்டு வேளைச் சாப்பாடு என்பது பேச்சு. கரையிலிருந்து பத்தடி தூரத்தில், ஒரு பள்ளத்தில் டெண்ட் போட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்.

ராத்திரி பதினோரு மணிக்குக் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. கால் மணி நேரத்தில் படுக்கைக்கடியில் தண்ணீர். அத்தனை பேருக்கும் இருந்தது ஒரே கக்கூஸ், அதுவும் இருநூறு தப்படி தள்ளி. விளக்கு கிடையாது. என் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போன என் மனைவி சேற்றில் சறுக்கினாள். குழந்தை கைநழுவி உருண்டு, தண்ணீரின் விளிம்பில் போய் நின்றாள். இன்னும் இரண்டடி போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் நிலையில் நான் இருந்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு மராட்டியப் பாட்டி ஒருவர் லாந்தரோடு வந்து, எங்கள் எல்லோரையும் தம் மாட்டுக் கொட்டகையில் விடியும் வரை வைத்துக் காப்பாற்றினார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு டெண்ட்காரர் மழைக்கு நான் என்ன செய்வேன் என்று கையை விரித்து விட்டார்.

தப்பு பாதி அவருடையது, பாதி என்னுடையது. நான் விசாரித்தது ரேட் ஒன்றைத்தான். விசாரித்திருக்க வேண்டியவை வேறு.

முதலாவது, காலம். இங்கே பருவமழை சாதாரணமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் இறங்கும். அதற்குப் பிறகு நான்கு மாதம் குழந்தை குட்டிகளோடு கூடாரம் வேண்டவே வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். ராத்திரி குளிரும். கம்பளி அவசியம்.

இரண்டாவது, மேடு. கரையை ஒட்டியும், காய்ந்த ஓடையிலும், பட்ட கிளை தொங்கும் மரத்தடியிலும் படுக்கக் கூடாது. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலா பூஷி அணைக்குப் பின்புறமுள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நாம் மறக்கலாகாது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

மூன்றாவது, கக்கூஸ். எத்தனை பேருக்கு எத்தனை, பெண்களுக்குத் தனியாக உண்டா, வழியில் விளக்கு உண்டா என்று கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டால் அவதிப்படுவது நம் வீட்டுப் பெண்கள்தாம்.

நான்காவது, காடு. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். யானை, சிறுத்தை நடமாடும் இடமா என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். டெண்டுக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். ஜிப்பை மூடியே வையுங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

ஐந்தாவது, நெருப்பு. குளிருக்காகக் கரிச்சட்டியை டெண்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு படுத்தால், வாசனையே இல்லாத நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். கணப்பு வெளியேதான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. 'மூன்று பேர் டெண்ட்' என்றால் மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். மூட்டைக்கு இடம் கிடையாது. திரும்பும் ரயிலையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வேக்காரன் சொல்கிறேன், கடைசி வண்டியை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள்.

நம் கடமையும் ஒன்று உண்டு. பவனா தண்ணீர்தான் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரத்துக்குக் குடிதண்ணீர். அங்குள்ள தொழிற்சாலைகளில் நம்மவர்களும் வேலை பார்க்கிறார்கள். கரையில் நாம் வீசும் குப்பை அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கே போகிறது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். காரவன் வைத்திருப்பவர்களுக்குக் கொள்கை வகுத்தது சரி. கூலிக்காரனும் குமாஸ்தாவும் தங்குகிற டெண்ட் இடங்களை யார் கவனிப்பது? எத்தனை டெண்ட் போடலாம், எத்தனை கக்கூஸ் வேண்டும், மழை எச்சரிக்கை வந்தால் யார் மூடுவது என்பதை ஒவ்வோர் இடத்திலும் போர்டு எழுதி மாட்டச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்க ஓர் அதிகாரி நேரில் வர வேண்டும்.

அதுவரை நம் தமிழ்ச் சங்கங்கள் ஒரு காரியம் செய்யலாம். உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்யுமுன் இரண்டு பேரை அனுப்பி இடத்தைப் பார்த்து வரச் செய்யலாம். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆகும் செலவு இரண்டு ரயில் டிக்கெட். என் மகள் அன்று நின்ற இடத்தை நினைத்தால், அது ஒரு செலவாகவே எனக்குத் தோன்றவில்லை.