மூன்று மாதமும் நாற்பது நிமிடமும்

பதினான்கு இரவுகள் புயலில் அலைக்கழிந்த ஒரு கப்பல். அதில் 276 உயிர்கள். கதிரவனையும் விண்மீன்களையும் பல நாள் காணாது, பிழைப்போம் என்ற நம்பிக்கையும் அற்றுப்போன வேளையில், அக்கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், தெரியாதவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டும் கரை சேர்ந்தனர். அவர்கள் கால் பதித்த இடம் மால்தா தீவு. நனைந்து நடுங்கி நின்ற அக்கூட்டத்தில், காவலர்களோடு உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்ட கைதி ஒருவரும் இருந்தார். நம் முன்னோர் சின்னப்பர் என்றும், நாம் பவுல் என்றும் அழைக்கும் திருத்தூதர் அவர்.

அடுத்து நடந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரம் சுருக்கமாகச் சொல்கிறது. மழை பெய்தது, குளிர் வாட்டியது. தீவு மக்கள் தீ மூட்டி அனைவரையும் வரவேற்றார்கள். இவர் கைதியா, காவலரா என்று பிரித்துப் பார்த்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. பவுலும் கை கட்டி நின்று குளிர்காயவில்லை. சுள்ளி பொறுக்கி வந்து தீயில் இட்டார். தீவின் தலைவர் புப்ளியு மூன்று நாள் விருந்தளித்தார். காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் படுத்திருந்த அவருடைய தந்தைக்காகப் பவுல் இறைவனிடம் வேண்டி, கைகளை வைத்துக் குணமாக்கினார். மூன்று மாதம் கழித்து அவர்கள் மீண்டும் கப்பலேறியபோது, பயணத்திற்குத் தேவையானவற்றைத் தீவு மக்களே கொடுத்தனுப்பினார்கள்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தளிப்பவரின் கடமையை நாம் அறிவோம். விருந்தினரின் கடமை எது? மால்தாவின் கரையில் பவுல் அதைக் காட்டிவிட்டார். விருந்தினர் தங்க வேண்டும். தம் கையாலும் ஒரு சுள்ளி இட வேண்டும். அந்த வீட்டின் நோயாளி யாரென அறிய வேண்டும். நேரம் தராதவர் விருந்தினர் ஆவதில்லை. அவர் வெறும் வழிப்போக்கர்.

இதை எழுதத் தூண்டியது என் சொந்தக் குற்ற உணர்வு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் செலவில் மால்தாவில் ஒரு வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தங்கும் விடுதியின் வரவேற்பறையில் வண்ணத் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு நாளில் வல்லெட்டா, மோஸ்தா, இம்தீனா. மற்றொரு நாளில் கோசோ தீவு முழுவதும். இன்னொரு நாள் படகில் கொமினோ. காலையில் வாசலுக்கே பேருந்து வரும். மாலையில் வாசலிலேயே இறக்கிவிடும். மொழி தெரியாத முதியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எண்ணி, கோசோவுக்குப் பணம் கட்டினேன்.

கோசோவின் வடமேற்கில் தா பீனு அன்னையின் பேராலயம் உள்ளது. 1883-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று, கர்ம்னி கிரீமா என்ற நாட்டுப்புறப் பெண், வயலோரத்துச் சிற்றாலயத்திலிருந்து ஒரு குரல் தன்னை அழைப்பதைக் கேட்டார். தம் உடல் கல்லறையில் இருந்த மூன்று நாள்களின் நினைவாக மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லும்படி அன்னை கேட்டதாக அவர் சான்று பகர்ந்தார். அந்தச் சிறிய ஆலயம் இடிக்கப்படவில்லை. பின்னாளில் எழுந்த பேராலயம் அதைத் தன் பீடத்தின் பின்னே வைத்துக் காக்கிறது. பக்கத்து அறைகளின் சுவர்களில் ஊன்றுகோல்களும், குழந்தைகளின் உடைகளும், நன்றிக் கடிதங்களும் நேர்ச்சையாகத் தொங்குகின்றன.

எங்களுக்குத் தரப்பட்ட நேரம் நாற்பது நிமிடம். உள்ளே சென்றபோது திருப்பலி தொடங்கியிருந்தது. கடைசி இருக்கையில் இருந்த மூதாட்டி ஒருவர், என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தார். தம் கையிலிருந்த சிறிய புத்தகத்தை உரிய பக்கத்தில் திறந்து என்னிடம் நீட்டினார். மொழி புரியவில்லை, ஆனால் எழுத்து உரோமை எழுத்து, ஆகவே கூடவே முணுமுணுக்க முடிந்தது. இறைவனை அவர்கள் 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். அரபு வழி வந்த அம்மொழியில் தவக்காலத்தின் பெயரும் 'ரந்தான்' என்பதுதான். இரண்டாயிரம் ஆண்டுக் கிறிஸ்தவ மரபைப் போற்றும் ஒரு மக்கள் இப்படி வேண்டுகிறார்கள் என்பது எத்தனை குறுகிய எண்ணங்களைக் கரைக்கக் கூடியது! நற்செய்தி வாசகம் முடிந்தது, மறையுரை தொடங்கியது. அப்போது வாசலில் வழிகாட்டியின் சிறு கொடி உயர்ந்தது. எங்கள் குழுவினர் எழுந்தனர். நானும் எழுந்தேன். புத்தகத்தை மூடி மூதாட்டியிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, இவன் ஏன் போகிறான் என்று புரியாத பார்வை. எழுந்தேற்றத்திற்கு முன்பே நான் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து நாங்கள் நிறுத்தப்பட்ட இடம் ஒரு கைவினைப் பொருள் கடை. அங்கே ஐம்பது நிமிடம்.

வழிகாட்டியை நான் குறை கூறவில்லை. அவர் கையில் ஒரு கால அட்டவணை இருந்தது. அதை எழுதியவர் அவர் அல்லர். இத்தகைய சுற்றுலாக்களில், பயணிகள் வாங்கும் பொருளிலிருந்து அழைத்து வந்தவர்களுக்குப் பங்கு போவது உலகெங்கும் அறிந்த வழக்கம். ஆலயம் எவருக்கும் பங்கு தருவதில்லை. ஆகவே ஆலயத்தின் நேரம் சுருங்குகிறது. கடையின் நேரம் நீள்கிறது. என் வழக்கு இந்தக் கணக்கின் மீதும், இதற்குத் தலையாட்டிய என் மீதும்தான்.

இந்தக் கணக்கு எதையெல்லாம் விழுங்குகிறது என்று பாருங்கள். மோஸ்தாவின் பெருங்கோவிலில் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று, திருப்பலிக்காகக் காத்திருந்த மக்கள் நடுவே குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு விழுந்தது, வெடிக்கவில்லை. அங்கே மண்டியிட்டு ஒரு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. குண்டின் மாதிரியோடு படம் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. வல்லெட்டாவின் புனித யோவான் இணைப் பேராலயத்தில், கரவாஜ்ஜோ 1608-இல் தீட்டிய திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு ஓவியம் உள்ளது. அவர் கையொப்பமிட்ட ஓவியம் அது ஒன்றே. அந்தக் கையொப்பத்தையும் வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் குருதியில் எழுதினார். கொலை செய்துவிட்டு ஓடி வந்த ஒரு மனிதன், குருதியில் தன் பெயரை ஏன் எழுதினான்? அந்தக் கேள்வியின் முன் நிற்க அரை மணியாவது வேண்டாமா? அடுத்த குழு பின்னால் நெருக்குகிறது, நகர்ந்துவிடுகிறோம். கோசோவின் துவேய்ரா கடற்கரையில் இருந்த புகழ்பெற்ற பாறை வளைவு 2017-ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்தது. ஆயினும் பேருந்துகள் அங்கே நிற்கின்றன. இல்லாத வளைவு இருந்த இடத்தைப் படம் எடுக்க நேரம் உண்டு. இருக்கின்ற ஆண்டவரின் திருப்பலிக்கு நேரம் இல்லை.

இதற்கு மறுமொழி சொல்வோர் உண்டு. விடுமுறை குறைவு, பணம் குறைவு, முதுமையில் தனியே அலைய முடியாது, அந்தத் தீவின் பிழைப்பே சுற்றுலாதான் என்பார்கள். இவற்றுள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நேரம் குறைவு என்பது ஓரிடத்தில் அமர்வதற்கான காரணம் ஆகுமேயன்றி, ஏழிடங்களில் ஓடுவதற்கான காரணம் ஆகாது. மால்தாவின் மூன்று தீவுகளும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர்தான். கோசோவுக்குப் படகுப் பயணம் அரை மணிக்கும் குறைவு. ஊருக்கு ஊர் பொதுப் பேருந்து ஓடுகிறது. முதியவர்களும் அதில் ஏறிச் செல்கிறார்கள். நமக்கு எழுந்து இடமும் தருகிறார்கள்.

பிழைப்பு என்ற வாதத்தையும் எண்ணிப் பார்ப்போம். ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் நாட்டுக்கு 2024-இல் 35 இலட்சத்துக்கும் மேலான பயணிகள் வந்தார்கள். கொமினோவின் நீலக் கடற்கழியில் படகுகள் கொண்டுவந்து கொட்டிய கூட்டம் தாங்காமல், 2025-இல் அரசே முன்பதிவு முறையையும் எண்ணிக்கை வரம்பையும் கொண்டுவர நேர்ந்தது. விருந்தினர் வந்தால் வீடு மகிழும். கூட்டம் வந்தால் வீட்டுக்காரர் கதவைத் தாழிடுவார். அன்று புயலில் வந்த 276 பேருக்குத் தீ மூட்டிய மக்களை, இன்று வேலியும் சீட்டும் போடச் செய்தது நம் அவசரமே.

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. கொமினோவுக்குச் செல்லும் படகுகளில் சில, பவுலின் கப்பல் உடைந்ததாக மரபு கூறும் சிறு தீவின் அருகே செல்கின்றன. அங்கே உயர்ந்து நிற்கும் திருத்தூதரின் சிலையை ஒலிபெருக்கி சுட்டிக்காட்டுகிறது. உடனே இசை தொடர்கிறது. அதே கடலில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஓட்டைப் படகுகளில் புறப்பட்டு, கரை காணாமலே மூழ்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிழைத்து வந்தவர்களும் மால்தாவில் இருக்கிறார்கள். எந்தச் சுற்றுலாத் தாளிலும் அவர்கள் இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 2, 3 நாள்களில் மால்தாவுக்குச் சென்றார். அவருக்கு இருந்ததும் இரண்டே நாள்கள். தா பீனுவில் மக்களோடு வேண்டினார்; பவுல் தங்கியதாக மரபு கூறும் ரபாத் குகையில் மண்டியிட்டார்; பின்னர் ஹல் பாரில், பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் தொடங்கிய இல்லத்தில், புலம்பெயர்ந்தோரின் கதைகளை அமர்ந்து கேட்டார். அவருடைய பயணத்தின் விருதுவாக்கே, தீவு மக்கள் பவுலுக்குக் காட்டிய அந்தப் பரிவைப் பற்றிய மறைநூல் சொற்கள்தாம். இரண்டு நாளிலும் விருந்தினராக இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நமக்கு இது புதிய பாடமும் அன்று. வேளாங்கண்ணிக்கு நடந்து சென்றவர்களைக் கேளுங்கள். கொடியையும் தேரையும் பற்றிச் சொல்வதற்கு முன், வழியில் எந்த ஊரில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தோம், யார் மோர் கொடுத்தார்கள் என்றுதான் சொல்லத் தொடங்குவார்கள். அந்த நினைவோடு வளர்ந்த நாம், புனித நாட்டிற்கும் உரோமைக்கும் பிற திருத்தலங்களுக்கும் செல்லும்போது மட்டும், எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ணிக்கை சொல்லி மகிழ்வது ஏன்?

ஆகவே பயணம் போகும் அன்பர்களுக்கும், குழுக்களை அழைத்துச் செல்லும் பங்குத்தந்தையருக்கும் என் வேண்டுகோள் இது. பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நாளில் ஒரு முழுத் திருப்பலிக்கு இடம் உண்டா? இல்லை என்றால் கையொப்பமிடாதீர்கள். கடையின் நேரத்தை வெட்டி ஆலயத்துக்குத் தரும்படி குழுவாகக் கேட்டால், எந்த நிறுவனமும் எளிதில் மறுக்காது. பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஊர்த் திருவிழா நடக்கும் நாளாயின் அங்கே நில்லுங்கள். மால்தாவின் ஊர்த் திருவிழாக்களை 2023-இல் யுனெஸ்கோவே மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. பிப்ரவரியில் செல்வோர், பத்தாம் நாள் வல்லெட்டாவில் பவுலின் கப்பல் உடைந்த திருநாளைக் கொண்டாடலாம். அறைகளைத் துப்புரவு செய்பவரிடமும், உணவு கொண்டுவரும் இளைஞரிடமும் ஊரும் பேரும் கேளுங்கள். நம் நாட்டிலிருந்து அங்கே பிழைக்கச் சென்றோர் ஏராளம். அவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம். நாம் இடக்கூடிய சுள்ளி அதுவே.

பவுல் அத்தீவில் எத்தனை இடங்களைப் பார்த்தார் என்று நூல் சொல்லவில்லை. யார் வீட்டில் தங்கினார், யாருக்காக வேண்டினார் என்றே சொல்கிறது. என் பயணத்தைப் பற்றி யாரேனும் எழுதினால், இடங்களின் பெயர்கள் நிறையவே இருக்கும். எனக்கு இடம் தந்த அந்த மூதாட்டியின் பெயர் மட்டும் இராது. அதைக் கேட்க நான் நிற்கவில்லை. இன்னொரு முறை வாய்த்தால், பொதுப் பேருந்தில் ஏறி அந்தக் கடைசி இருக்கைக்கே செல்வேன். இறுதிப் பாடல் முடியும்வரை எழமாட்டேன்.