உச்சிமலையில் சிவக்கும் காட்டுப்பூவரசு: சீகை மரத்தால் என்ன சிக்கல்?

செஞ்சி ராஜகிரிக் கோட்டை மலை சுமார் 800 அடி உயரம். அதை ஏறி முடிப்பதற்குள்ளேயே நமக்கு மூச்சு வாங்கும். அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான உயரத்தில், நீலகிரி முகடுகளில், குளிர்காலத்தின் கடைசியில் செக்கச்செவேலென்று பூக்கிறது ஒரு மரம். பெயர் காட்டுப்பூவரசு.

அப்படி என்ன சிறப்பு?

இது ரோடோடெண்ட்ரான் இனம், புளூபெர்ரியின் குடும்பம். நேபாளத்தின் தேசிய மலர் இதன் நெருங்கிய சொந்தம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ரோடோடெண்ட்ரான் இது ஒன்றுதான். மற்ற உறவுகளெல்லாம் 2,000 கி.மீ. தள்ளி இமயமலைப் பக்கம். பூமி குளிர்ந்திருந்த காலத்தில் தெற்கே பரவி, வெப்பம் ஏறியதும் மலையுச்சிகளில் ஒதுங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம்.

ஆபத்து எங்கே?

காட்டுப்பூவரசு வளர்வது சோலை ஓரத்திலும் திறந்த புல்வெளியிலும். தடித்த பட்டை இருப்பதால் உறைபனியையும் சிறு தீயையும் தாங்கும். ஆனால், இடமே பறிபோனால்? ஆஸ்திரேலியாவில் இருந்து 19-ம் நூற்றாண்டில் விறகுக்காக வந்த சீகை மரம், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகப் பெரிய அளவில் நடப்பட்டது. இன்று அது தானாகவே பரவுகிறது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

வெட்டிப் போட்டால் முடிஞ்சுதா?

இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். வெட்டிய இடத்தில் வருஷா வருஷம் நாற்றுகளைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டால்தான் பலன். அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்ற தமிழக அரசு 2022-ல் கொள்கை வகுத்தது, 2023-ல் 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டம் தொடங்கியது. வரையாட்டுக்கும் வீடு அதே புல்வெளிதான்.

நமக்கென்ன?

அந்தப் புல்லும் சோலையும் பிடித்துவைக்கும் மழைநீர்தான் பவானியாக இறங்கிக் காவிரியில் சேர்கிறது. அதோடு, வெப்பம் கூடினால் மற்ற செடிகள் மேலே நகரலாம். காட்டுப்பூவரசு ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது. அதற்கு மேலே போக மலை இல்லை.