மாறுகண் அதிர்ஷ்டமா?

"பிள்ளைக்கு மாறுகண், குடும்பத்துக்கு யோகம்!" என்று சொல்லிச் சந்தோஷப்படும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் தாய் காலையிலேயே காட்டு வேலைக்குப் போய்விட்டால், குழந்தை பாட்டியின் மடியில்தான் வளர்கிறது. ஆகவே பாட்டியம்மாளுக்கும் சேர்த்தே இந்த வாரம் எழுதுகிறேன். யோகத்தை நம்புவதில் குற்றமில்லை. அதை நம்பிக்கொண்டு வருஷக் கணக்கில் காத்திருப்பதில்தான் ஆபத்து.

ஒரு கண் நேராகவும் மற்றொன்று மூக்குப் பக்கமாகவும் பார்த்தால், மூளைக்கு இரண்டு வெவ்வேறு காட்சிகள் போய்ச் சேருகின்றன. குழம்பிப்போகும் மூளை, திரும்பிய கண்ணின் காட்சியைத் தள்ளிவிடுகிறது. வேலையில்லாத அந்தக் கண்ணில் பார்வை வளர்வதில்லை. இதைத்தான் 'சோம்பல் கண்' என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். பிறகு அது கடினம்.

எல்லா மாறுகண்ணும் ஒன்றல்ல. சில குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு அகன்றிருப்பதால், கண் நேராக இருந்தும் உள்ளே திரும்பியதுபோல் தோன்றும். இது பொய் மாறுகண். டார்ச் விளக்கைச் சற்றுத் தூரத்தில் பிடித்தால், ஒளிப்புள்ளி இரண்டு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் விழும். இருந்தாலும் முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

பிறந்த இரண்டு மூன்று மாதம் வரை கண் அவ்வப்போது அலைபாய்வது சகஜம். அதற்குப் பிறகும் உள்ளே திரும்பியே நின்றால் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள் தோன்றும் பெரிய மாறுகண்ணுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். அதை இரண்டு வயதுக்குள் செய்வது நல்லது. "கண்ணை வெளியே எடுத்து வைப்பார்களாமே!" என்று பயப்பட வேண்டாம். கண்ணின் வெளிப்புறத்தில் உள்ள தசையைச் சற்று இடம் மாற்றித் தைக்கிறார்கள், அவ்வளவுதான். சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படலாம்.

நன்றாக இருந்த குழந்தைக்கு இரண்டு மூன்று வயதில் கண் திரும்புவது வேறு வகை. இதற்குக் காரணம் பெரும்பாலும் 'ப்ளஸ்' பவர். தெளிவாகப் பார்க்கக் கண் சிரமப்படும்போது, அது உள்ளே இழுபடுகிறது. சொட்டு மருந்து விட்டுச் சோதித்து, மூக்குக் கண்ணாடி கொடுத்தால், பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே கண் நேராகிவிடும். ஆனால் கண்ணாடியைக் கழற்றியதும் கண் மறுபடி திரும்பும். "கண்ணாடி போட்டுத்தான் அதிகமாயிற்று" என்று அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது முகத்தில் இருக்க வேண்டும். பெண் குழந்தையாயிற்றே என்றும் தயங்க வேண்டாம்.

பார்வை மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைப்பது உண்டு. எத்தனை மணி என்பதை டாக்டர் சொல்வார். குழந்தை அழும், பிடுங்கும். அந்த நேரத்தில் கதை சொல்வதும் படம் வரையச் சொல்வதும் பாட்டியின் பொறுப்பு!

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். திடீரென்று கண் திரும்பி, தலைவலியோ வாந்தியோ இரட்டைப் பார்வையோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்மணிக்குள் பூனைக் கண்போல் வெள்ளையாக ஒளி தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள். கண்புரையாக இருக்கலாம், உயிருக்கே உலைவைக்கும் கட்டியாகவும் இருக்கலாம்.

எங்கே காட்டுவது? 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வருகிறது, அவர்களிடம் சொல்லுங்கள். பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்சிக்குப் பஸ் ஏறினால், 1934-லிருந்து நடந்துவரும் ஜோசப் கண் மருத்துவமனை. சென்னை எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரியோ 1819-லிருந்தே இருக்கிறது.

அறுவடை முடியட்டும், பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பருத்தி அடுத்த வருஷமும் வெடிக்கும். பார்வை வளரும் வயது திரும்பி வராது.